திரு. அழகுராஜா அவர்களின் மகள்

அருப்புக்கோட்டை,
12.06.2024

மதிப்பிற்குரிய திரு. அழகுராஜா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கைபேசிக்குச் சென்ற வாரம் அழைத்தேன். என் பெயரைச் சொன்னதும் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. அதன் பின்னர் எத்தனை முறை அழைத்தும் மணி அடிக்கவில்லை. என் எண்ணைத் தாங்கள் தடுத்து வைத்திருப்பீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள். அது தங்கள் உரிமை. தபால்காரரைத் தடுக்க வழியில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் வீ. நல்லமுத்து. கடைகளிலும் சந்தைகளிலும் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளராக விருதுநகரில் பணியாற்றுகிறேன். வயது ஐம்பது. தங்களோடு மணமுறிவு பெற்ற நாகஜோதியை மூன்றாண்டுகளுக்கு முன்னர் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். தங்கள் மகள் சுகப்பிரியா அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வளர்கிறாள். இவை தங்களுக்குத் தெரிந்தவையே. ஆயினும் ஒன்றைக் கேட்க வருபவன் தான் யாரென்று முதலில் சொல்லியாக வேண்டும்.

சுகப்பிரியாவைச் சட்டப்படி என் மகளாகத் தத்தெடுக்க விரும்புகிறேன். தாயின் கணவர் பிள்ளையைத் தத்தெடுக்க விதி இடம் தருகிறது. பெற்ற தகப்பனார் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. தாங்கள் கையொப்பமிட்டால் கோப்பு மாவட்ட ஆட்சியர் வரை செல்லும். இல்லையேல் முதல் மேசையிலேயே நிற்கும்.

இப்போது ஏன் என்று தாங்கள் கேட்கலாம். அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அடுத்த ஆண்டு அரசுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் எந்தப் பெயர் ஏறுகிறதோ, அதுவே அவள் ஆயுள் முழுவதும் கூட வரும். மேலும், என் வீட்டில் வளரும் பிள்ளைக்கு நான் யார் என்று யாராவது கேட்டால், ஒரே சொல்லில் விடை சொல்ல விரும்புகிறேன். இதுவரை ஒரு முழு வாக்கியம் தேவைப்படுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்வது என் கடமை. தத்து ஆணை பிறந்ததும் பெற்ற தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு சட்டப்படி முற்றிலும் அற்றுப்போகும். அவ்வாறே விதியில் உள்ளது. படிவத்தின் மூன்றாம் பத்தியில் பார்க்கலாம். நன்கு படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வீ. நல்லமுத்து

இணைப்பு: சம்மதப் படிவம்.


நரிக்குடி பக்கம்
27.6.24

ஆபீசர் சாருக்கு,

உங்க லெட்டரு வந்துச்சு. கரி மூட்டத்துல நிக்கும்போதுதான் தபால்காரரு குடுத்தாரு. பேப்பருல கரி ஒட்டிக்கிருச்சு, கோவிச்சுக்கிராதீக. நமக்குத் தொழிலு கருவ மரத்த வெட்டி, அடுக்கி, மண்ணப் பூசி, கரியாக்குறது. கைய எத்தன தடவ கழுவுனாலும் போகாது.

உங்க படிவத்த அப்படியே திருப்பி அனுப்பியிருக்கேன். போடமாட்டேன்.

படிக்காதவன்னு நெனச்சுராதீக. பத்து வரைக்கும் போயிருக்கேன். மூணாம் பத்திய நாலு தடவ படிச்சேன். அத்துப்போகும்னு எழுதியிருக்கு. நீங்களும் லெட்டருல அதையே அடிக்கோடு போடாத கொறையா எழுதியிருக்கீக. ஒண்ணு சொல்றேன் சார். நீங்க அத எழுதாம விட்டிருந்தா, ஸ்கூலுக்கு ஏதோ பேப்பருன்னு நெனச்சுப் போட்டுருப்பேன். இப்ப போடமாட்டேன்.

நீங்க யாருன்னு ஒத்தச் சொல்லுல சொல்லணும்னு ஆசப்படுறீகளே, போன ஆவணியில மதுரையில பிள்ளைக்குக் குடல்வாலு வலிச்சு ஆஸ்பத்திரில போட்டப்ப எங்க போச்சு அந்தச் சொல்லு? நாகஜோதி கோயமுத்தூருலருந்து ரயில்ல வந்துக்கிட்டு இருக்கா, போனு கெடைக்கல. பேப்பர நீட்டுனாக, "தகப்பனார் கையெழுத்து"ன்னு போட்டிருந்துச்சு, நீங்க "நான் தகப்பனார் இல்லை"ன்னு பேனாவ மூடி வச்சுட்டீகளாமே. பிள்ள அங்கிட்டுத் துடிக்குது, இங்கிட்டு நீங்க விதி பேசுறீக. கடைசியில எனக்குத்தான போனு வந்துச்சு. "நீங்க பிள்ளையோட அப்பாவா? ஆப்பரேசன் பண்ணலாமா?"ன்னு ஒரு டாக்டரம்மா கேட்டாக. "பண்ணுங்க தாயி"ன்னேன். என் வாய் வார்த்தையிலதான் கத்தி வச்சாக.

நாகஜோதியத் தீத்து எழுதி ஏழு வருசத்துல "நீங்க அப்பாவா"ன்னு என்னைய ஒரு மனுசர் கேட்டது அன்னைக்கு ஒரு நாளுதான். அதையும் எழுதி வாங்க வந்துட்டீக.

உங்க தராசுல என்னைய வச்சுப் பாத்து எட கொறைன்னு முத்திரையக் குத்திட்டுப் போங்க. கையெழுத்து மட்டும் கெடைக்காது.

அழகுராஜா


அருப்புக்கோட்டை,
19.07.2024

மதிப்பிற்குரிய திரு. அழகுராஜா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கரி ஒட்டியதில் எனக்கு வருத்தமில்லை.

மருத்துவமனையில் நடந்தது தாங்கள் எழுதியபடியேதான். தகப்பனார் அல்லாத ஒருவன் தகப்பனார் என்ற இடத்தில் கையொப்பமிட்டால் அது பொய். இன்று அதே படிவத்தை நீட்டினாலும் எனக்கு அதே தடைதான் வரும். அந்தத் தடை இனி ஒரு நாளும் வரக்கூடாது என்பதற்காகவே தங்களிடம் கேட்கிறேன். அந்த நிகழ்ச்சியைத் தாங்கள் மறுப்புக்குக் காரணமாகச் சொல்கிறீர்கள். என் கோரிக்கைக்கும் அதுவே காரணம்.

தங்கள் மறுப்போடு இந்த விஷயம் முடிந்துவிடாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தேன். பெற்ற தகப்பனார் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், அதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து, அவரது சம்மதம் இல்லாமலே மேற்கொண்டு செல்ல முயலலாம் என்கிறார். மணமுறிவுத் தீர்ப்பில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கத் தங்களுக்கு அனுமதி உண்டு. நான் இந்த வீட்டுக்கு வந்த பின்னர் ஒரு முதல் ஞாயிறு கூடத் தாங்கள் வந்து நான் பார்த்ததில்லை. இதை அப்படியே உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதி நான் கையொப்பமிட வேண்டும் என்பது வழக்கறிஞரின் ஆலோசனை.

தங்களுக்குத் தெரியாமல் அதைச் செய்ய விரும்பவில்லை. ஆகவே முன்கூட்டியே அறிவிக்கிறேன். படிவத்தை மீண்டும் அனுப்பியுள்ளேன். ஆவணி இறுதிக்குள் பதில் வராவிட்டால் பத்திரத்தில் கையொப்பமிடுவேன்.

சுகப்பிரியா நலம். மாவட்டப் போட்டியில் குண்டு எறிதலில் இரண்டாம் இடம் பெற்றாள். இதைத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை எனக்கு இல்லை. தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

தங்கள் உண்மையுள்ள,
வீ. நல்லமுத்து

இணைப்பு: சம்மதப் படிவம்.


நரிக்குடி பக்கம்
2.8.24

சாருக்கு,

கைவிட்டவன்னு எழுதப் போறீகளா? எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி அருப்புக்கோட்ட பஸ்ஸ்டாண்டு வரைக்கும் ஒரு நட போயிட்டு வாங்க. உங்க வீட்டுலருந்து நடக்குற தூரந்தான். உள்ள நுழைஞ்சதும் எடது கையில டீக்கடை. ரத்தினம்னு பேரு. அந்தாளக் கேளுங்க, நான் கைவிட்டவனான்னு.

மொத ஞாயித்துக்கெழம நான் வரலைன்னு யாரு சொன்னா? உங்க வீட்டு வாசலுக்குத்தான் வரல. வேற ஆம்பள குடியிருக்குற வீட்டு வாசல்ல போயி நான் எப்படி நிப்பேன்? பஸ்ஸ்டாண்டுல ஒப்படைக்கணும்னுதான் பேச்சு. மொதல்ல நாகஜோதி கொண்டாந்து விட்டா. அப்புறம் டியூசன்னா. அப்புறம் காச்சல்னா. அப்புறம் போன எடுக்கல. நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இன்னொண்ணு. அத்துப்போகும்னா உங்களுக்கு அது ஒரு வரி சார். எங்களுக்கு அப்படி இல்ல. எங்க கண்மாய்க்கரைக் கோயில்ல மாசிச் சிவராத்திரிக்குப் பேரு சொல்றதுன்னு ஒண்ணு உண்டு. கல்யாணம் ஆகாத பிள்ளைகள ஒவ்வொண்ணாக் கோடாங்கி முன்னாடி நிறுத்துவாக. சாமி எறங்குன கோடாங்கி "யாரு பிள்ள இது?"ன்னு கேப்பாரு. தாய்மாமனோ, கூட்டியாந்த பெரிய மனுசரோ, சனம் பூராக் கேக்குற மாதிரி அப்பன் பேரச் சொல்லணும். அப்பன் தன் பேரத் தானே சொல்லக்கூடாது. சொன்னாத்தான் பிள்ள கையில கறுப்புக் கயிறு கட்டுவாக. நாகஜோதி தம்பி தீத்து எழுதுனதுலருந்து அந்தப் பக்கமே வாரதில்ல. நான் வருசா வருசம் போயி மத்தவன் பிள்ளைகளுக்குப் பேரு சொல்லிட்டு வாரேன். பங்காளிக கேக்குறாக, "ஏலே அழகு, உனக்குப் பிள்ள இருக்கா இல்லையாடா?"ன்னு. இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். உங்க பேப்பருல போட்டுட்டா அதையும் சொல்ல முடியாது.

குண்டு எறியிறாளா? எங்க அய்யா எளவட்டக்கல்லு தூக்குனவரு. அந்தக் கைதான்.

படிவத்த இந்தத் தடவ திருப்பி அனுப்பல. மூட்டத்துக்குத் தீ வைக்க எடுத்துக்கிட்டேன்.

அழகுராஜா


அருப்புக்கோட்டை,
05.10.2024

மதிப்பிற்குரிய திரு. அழகுராஜா அவர்களுக்கு,

வணக்கம். நான் குறித்த கெடு முடிந்து மூன்று வாரமாகப் போகிறது. பத்திரத்தில் கையொப்பமிடவில்லை. காரணங்களை வரிசைப்படி எழுதுகிறேன்.

தாங்கள் சொன்ன தேநீர்க் கடைக்குச் சென்றேன். "கரி வியாபாரம் செய்யும் அழகுராஜா என்பவர் இங்கே வருவதுண்டா?" என்று கேட்டேன். திரு. ரத்தினம் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "யாரு, கரிக்காரரா? மாசத்துல மொத ஞாயித்துக்கெழம தப்பாம வந்துருவாரு சார். உளுந்தவடையப் பொட்டலம் கட்டி மடியில வச்சுக்கிட்டு அந்தப் பெஞ்சுல உக்காந்திருப்பாரு. வார பஸ்ஸப் பாக்க மாட்டாரு, டவுனுக்குள்ள போற ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பாரு. கடைசி நரிக்குடி பஸ்ஸு எடுக்கும்போது பொட்டலத்த நாய்க்குப் பிரிச்சுப் போட்டுட்டு ஏறிப் போவாரு. ஆமா, நீங்க யாரு, வட்டிக்காரரா?"

வட்டிக்காரன் இல்லை என்று சொன்னேன். வேறு என்னவென்று அவரும் கேட்கவில்லை.

அன்று மாலை நாகஜோதியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "ஆமாங்க, நான்தான் நிப்பாட்டுனேன். ஒரு ஞாயித்துக்கெழம பிள்ளையக் கூட்டிட்டுப் போனவரு பொழுது சாஞ்சும் கொண்டாந்து விடல. போனு வேல செய்யல. நான் திருச்சுழி வரைக்கும் போயித் தேடுனேன். மூட்டத்துப் பொகைக்குள்ள பிள்ளைய உக்கார வச்சிருந்திருக்காரு. அன்னைக்கு ராவெல்லாம் இழுப்பு. அவரு கெட்ட மனுசர் இல்ல. ஆனா பயத்த என்னால மறுபடியும் படமுடியாதுங்க" என்றாள். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் தீர்ப்பில் உள்ளதை மாற்ற நீதிமன்றத்தால்தான் முடியும். டியூசனால் முடியாது. இதை அவளிடமும் சொன்னேன். இரண்டு நாட்கள் எனக்குச் சாப்பாடு பேச்சின்றிப் பரிமாறப்பட்டது.

பிறகு வழக்கறிஞரிடம் சென்று, கைவிட்டார் என்று எழுத முடியாது என்றேன். "சார், அவரு வந்து உக்காந்திருந்ததுக்கு டீக்கடைக்காரர் ஒருத்தர்தான் சாட்சி. அவரக் கோர்ட்டுக்கு யாரு கூப்பிடப் போறா?" என்று சிரித்தார். "நான்தான் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றேன். காகிதக் கட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டார்.

தாங்கள் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் தங்கள் எண்ணை யார் கொடுத்தது என்று தாங்கள் நினைத்துப் பார்த்தீர்களா? எனக்கு அந்த எண் அன்று தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த சுகப்பிரியாதான் சொன்னாள். எந்தப் புத்தகத்தையும் பாராமல், பத்து இலக்கங்களையும் ஒரே மூச்சில்.

என் கோரிக்கை மாறவில்லை. ஆனால் அதைப் பொய்யின் மேல் நிறுத்திக் கேட்க மாட்டேன். நவம்பர் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சுகப்பிரியாவைப் பேருந்து நிலையத்துக்கு நான் அழைத்து வருவேன். மாலை ஐந்து மணிக்குத் திரும்பக் கூட்டிச் செல்வேன். மூட்டத்துக்கு அழைத்துச் செல்லக்கூடாது. கைபேசியில் மின்னூட்டம் இருக்க வேண்டும். என் எண்ணின் மீதுள்ள தடையை நீக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீ. நல்லமுத்து

இணைப்பு: சம்மதப் படிவம். (முன்னது எரிக்கப்பட்டதாகத் தாங்கள் தெரிவித்ததால்.)


நரிக்குடி பக்கம்
4.11.24

நல்லமுத்து சாருக்கு,

நேத்து நீங்க பஸ்ஸ்டாண்டு வேப்பமரத்துக்கு அங்கிட்டே நின்னுக்கிட்டீக. வந்து ஒரு டீ குடிச்சிருக்கலாம். ரத்தினம் கேக்குறான், "அந்த வட்டிக்காரரா பிள்ளையக் கொண்டாந்து விட்டாரு?"ன்னு. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

பிள்ள என் தோளு ஒசரத்துக்கு வந்துருச்சு. வடையக் குடுத்தேன். தின்னுச்சு. அப்புறம் அதுவாவே பேச ஆரம்பிச்சுச்சு. ஸ்கூலுல குடுத்த இரும்புக் குண்டு எட கொறைன்னு நீங்க அதையும் தூக்கிட்டுப் போயித் தராசுல வச்சுப் பாத்து, பி.டி. வாத்தியாருக்கு லெட்டரு எழுதிட்டீகளாமே! "சார் எழுதுன பெறகு புதுக் குண்டு வந்துச்சுப்பா. இப்ப எங்க டீம்ல எல்லாருக்கும் எறியிற தூரம் ஒரு முழம் கொறையுது. என்னைய எல்லாரும் திட்டுறாளுக"ன்னு சொல்லிட்டுச் சிரிக்குது. நான் சிரிச்சு எத்தன நாளாச்சுன்னு தெரியல, கண்ணுல தண்ணி வந்துருச்சு.

உங்கள இன்னும் சாருன்னுதான் கூப்பிடுதா? ஏன்னு கேட்டேன். நாகஜோதி வேல பாத்த உரக்கடைக்கு நீங்க தராசு பாக்க வந்த நாளுலருந்து அப்படித்தானாம். மாத்திக் கூப்பிட நாக்கு வரலையாம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, மறைக்கல. இதெல்லாம் கையெழுத்துக்குப் போடுற தூண்டிலா? அப்படின்னா சொல்லிருங்க, இப்பவே சொல்றேன். போடமாட்டேன். தூண்டில் இல்லைன்னா அடுத்த மாசமும் கூட்டியாங்க.

தடைய எடுத்துட்டேன். போனு பண்ணாதீக. லெட்டரே எழுதுங்க. நீங்க போனுல பேசுனா தாசில்தாரு பேசுற மாதிரி இருக்கு, லெட்டருல ஆளு தெரியிறீக.

அழகுராஜா


அருப்புக்கோட்டை,
28.02.2025

அன்புள்ள திரு. அழகுராஜா அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஞாயிறுகளில் நேரம் பிசகாமல் பிள்ளையை ஒப்படைத்தமைக்கு நன்றி. தூண்டிலா என்று கேட்டிருந்தீர்கள். தூண்டில் இல்லை என்று எழுதினால் நம்பமாட்டீர்கள் என்பதால் அன்று பதில் எழுதவில்லை.

நேற்று முன்தினம் சிவராத்திரி. சுகப்பிரியாவை அழைத்துக்கொண்டு உங்கள் கண்மாய்க்கரைக் கோயிலுக்குச் சென்றிருந்தேன். நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று எண்ணி முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது என் தவறு. மூட்டத்தில் வெடிப்பு விழுந்து காற்றுப் புகுந்து தீப்பிடித்துவிட்டதாகவும், ஈர மண் அப்பிக்கொண்டு அங்கேயே நிற்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். நீங்கள் இல்லாதபோது நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

நாகஜோதி வரவில்லை. "நான் அந்த எல்லைய மிதிக்க மாட்டேன். ஆனா கயிறு கட்டுனா அவுக்கச் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாள்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் உங்கள் பெரியப்பா வீரணன் என் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார். "யாருய்யா நீரு? வெள்ளையுஞ் சொள்ளையுமா? எலெக்சனுக்கு இன்னும் நாளு கெடக்கே?" என்றார். பேர் சொல்லப் பிள்ளையை அழைத்து வந்திருக்கிறேன் என்றேன். அவர் சுகப்பிரியாவைப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களை விலக்கிவிட்டார்.

கோடாங்கி முன் நிறுத்தினேன். உடுக்கை நின்றது. "யாரு பிள்ள இது?" என்று கேட்டார். எனக்குப் பொதுவில் உரத்துப் பேசிப் பழக்கமில்லை. சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை. "அட, சத்தமாச் சொல்லும்யா! சாமி என்ன பக்கத்து வீட்டுலயா இருக்கு?" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கத்தினார். மூன்றாம் முறை கேட்டபோது என் முழுக்குரலில் சொன்னேன்: "திரு. அழகுராஜா அவர்களின் மகள்!"

அதற்கு எழுந்த சிரிப்பில் கண்மாய்க் கொக்குகள் பறந்துவிட்டன. "ஏலே, நம்ம அழகு திருவாளரு ஆயிட்டான்டா!" என்று ஒருவர். "அவர்களாம்ல, அவர்கள்! கரி மூட்டம் போடுற அவர்கள்!" என்று இன்னொருவர். சுகப்பிரியா என் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். கோடாங்கி மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு நீ என்னய்யா வேணும்?" என்றார்.

நான் என் முழு வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் பிள்ளையே சொல்லிவிட்டாள்: "இவுக எங்க சாரு." கோடாங்கிக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும் திருநீறு பூசிவிட்டார்.

வரும் வழியில் பேருந்தில் அவளிடம் ஒன்று கேட்டேன். விதிப்படி பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும். எட்டு மாதங்களாக உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்த நான் அவளிடம் நேராகக் கேட்டதில்லை. "சார், ஒருத்தர் பேர அடிச்சாத்தான் இன்னொருத்தர் பேர எழுத முடியுமா?" என்று கேட்டாள். சட்டம் அப்படித்தான் என்றேன். "அப்ப அது சரியில்லாத தராசு சார். நீங்களே முத்திர குத்த மாட்டீக" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருப்பினும் என் விருப்பம் என்னவென்று கேட்டால், முதல் கடிதத்தில் எழுதியதுதான். அதை இல்லையென்று எழுதினால் பொய்யாகிவிடும். முடிவு உங்களுடையது.

மூட்டம் எவ்வளவு தேறியது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
வீ. நல்லமுத்து

இணைப்பு: சம்மதப் படிவம்.


நரிக்குடி பக்கம்
11.3.25

அண்ணனுக்கு,

மூட்டம் பாதி சாம்பலாப் போச்சு. மீதி கரி தேறுச்சு. அது கெடக்கட்டும்.

மறுநாளு விடிஞ்சும் விடியாம பெரியப்பா சைக்கிள உருட்டிக்கிட்டு மூட்டத்துக்கே வந்துட்டாரு. முகமெல்லாம் கரியா நிக்கிறேன். "திருவாளர் அழகுராஜா அவர்களே, கும்பிடுறேங்க"ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறம் சொன்னாரு. இப்ப ஊரே அப்படித்தான் கூப்பிடுது. டீக்கடைல கடன் சொன்னாக் கூட "அவர்கள் கணக்குல எழுதிக்கடா"ங்குறாக.

ராத்திரி படுத்து யோசிச்சேன் அண்ணே. அங்க நான் இல்ல. உங்களத் தடுக்க ஒரு ஆளு இல்ல. வழக்கத்த மீறி "என் மக"ன்னு நீங்க சொல்லியிருந்தாலும் கோடாங்கி கயிறு கட்டித்தான் இருப்பாரு. சாமிக்கிட்டச் சொன்னதுக்கு அப்பீலு எங்க போயிப் பண்ண? நீங்க சொல்லல. ஆஸ்பத்திரியில பேனாவ மூடுன அதே ஆளுதான் இங்கயும். அன்னைக்கு உங்க மேல வந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தேடிப் பாக்குறேன், கெடைக்கல.

ஆனாலும் இந்தப் பேப்பருல போட முடியாது. அத்துப்போகுங்குற பேப்பருல மட்டும் என் கை போகாது. சேத்துக்கிறோம்னு ஒரு பேப்பரு இருந்தாக் குடுங்க, பத்து எடத்துல போடுறேன்.

அதனால நானா ஒண்ணு எழுதியிருக்கேன். நரிக்குடியில பத்திரம் எழுதுற அருஞ்சுனைகிட்டச் சொல்லி முத்திரைத்தாளுல எழுதி, பெரியப்பாவும் டீக்கடை ரத்தினமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காக. அதுல என்ன இருக்குன்னா, "என் மகள் சுகப்பிரியாவின் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் திரு. நல்லமுத்து அவர்கள் எங்கே எப்போது கையெழுத்துப் போட்டாலும் அது நான் போட்டதாகும். என்னைக் கேட்கத் தேவையில்லை." அருஞ்சுனை கேட்டான், "சட்டப்படி இது எம்புட்டு நிக்குமோ தெரியாதுண்ணே"ன்னு. நிக்கிற வரைக்கும் நிக்கட்டும், எழுதுடான்னேன்.

இனிமே எவனாவது பேப்பர நீட்டுனா பேனாவ மூடாதீக.

ரத்தினத்துக்கிட்ட நீங்க வட்டிக்காரர் இல்லைன்னு சொல்லிட்டேன். அப்ப யாருன்னான். பிள்ளையோட சாருன்னேன்.

இப்படிக்கு
திரு. அழகுராஜா
(திரு போடுறது சரிதான அண்ணே? நமக்கு நாமே போடலாமா?)


அருப்புக்கோட்டை,
18.03.2025

அன்புள்ள தம்பி அழகுராஜாவுக்கு,

உன் கடிதமும் பத்திரமும் வந்து சேர்ந்தன. ஒருமையில் எழுதுவதைப் பொறுத்துக்கொள். அண்ணன் என்று எழுதியவனுக்கு "தாங்கள்" என்று பதில் எழுத என்னால் ஆகவில்லை.

தன் பெயருக்கு முன்னால் தானே "திரு" போட்டுக்கொள்ளக்கூடாது. மற்றவர்தான் போட வேண்டும். உங்கள் கோயில் வழக்கமும் ஏறக்குறைய அதுவே.

சேர்த்துக்கொள்வதற்கு ஒரு படிவம் உண்டா என்று கேட்டிருந்தாய். விளையாட்டாகக் கேட்டாயோ என்னவோ, நான் விருதுநகரில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படி ஒண்ணு இல்ல சார். இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். இல்லை என்பதை நேரில் உறுதி செய்துகொண்டேன்.

பள்ளியில் பெயர்ப்பட்டியலுக்கான விவரம் கேட்டார்கள். சுகப்பிரியாவே எழுதினாள். பெயர்: அ. சுகப்பிரியா. தந்தை: அழகுராஜா. அடுத்த வரியில் பாதுகாவலர் என்று இருந்தது. அதில் என் பெயரை எழுதினாள். உறவுமுறை என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தாயின் கணவர் என்று எழுது, அதுதான் சரி என்றேன். எழுதினாள். பார்த்துக்கொண்டிருந்த வகுப்பாசிரியை சண்முகவடிவு, "ரெண்டு வரியும் நிரம்பியிருக்குற பிள்ளைக இந்த வகுப்புல கம்மி" என்றார். அந்தப் படிவத்தின் கீழ்க் கையொப்பமிட்டது நான். உன் பத்திரத்தின் நகலைக் கூடவே வைத்தேன். பேனாவை மூடவில்லை.

நாகஜோதி உன் பத்திரத்தை இரண்டு முறை படித்தாள். மடித்துத் தன் பீரோவில், சுகப்பிரியாவின் பிறப்புச் சான்றிதழோடு வைக்கப் போனாள். அதற்குள் நான் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. காரணம் கீழே.

பத்திரத்தில் ஒரு குறை இருக்கிறது. நாள் இடப்படவில்லை. பள்ளியில் நகலை வாங்கிக்கொண்டார்கள், மருத்துவமனையில் நாள் இல்லாத பத்திரத்தை ஏற்க மாட்டார்கள். எழுதியவரும் சாட்சிகளும் ஒருவர்கூட இதைக் கவனிக்காதது வியப்பு. தபாலில் திருப்பி அனுப்பாதே. ஏப்ரல் முதல் ஞாயிறன்று கையில் கொண்டு வா. ரத்தினம் கடையிலேயே நாளிட்டு, சாட்சி இருவரும் மறுபடி சுருக்கொப்பம் இட வேண்டும். பெரியப்பாவையும் அழைத்து வா. அன்று நான் வேப்பமரத்தடியில் நிற்கப் போவதில்லை.

வரும் மாசியிலும் பேர் சொல்ல நானே வருவேன். அவள் திருமணம் வரைக்கும் வருவேன். உரக்கச் சொல்லப் பழகி வருகிறேன். மாடியில் நின்று சொல்லிப் பார்த்ததில் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் எட்டிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். "திரு"வும் "அவர்களும்" அப்படியே இருக்கும். யார் சிரித்தாலும் மாற்ற மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்,
வீ. நல்லமுத்து

இணைப்பு: உன் பத்திரம், நாளிடுவதற்காக.
சம்மதப் படிவம் இம்முறை இணைக்கப்படவில்லை.